கன்னி மூலைக் கிணறு

போன வியாழக்கிழமை நாங்கள் வீடு வாங்கிவிட்டோம், பிள்ளைகளே.

எங்கே? சேலத்தில், சூரமங்கலம் பக்கம். பன்னிரண்டு சென்ட் இடம்... அதில் ஒரு ஓரமாய், கூச்சப்பட்டு ஒதுங்கியதுபோல ஒரு சின்ன பழைய பங்களா. பங்களா என்பது பேருக்குத்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் வளைவு வைத்த வராந்தா. மீதியெல்லாம் வெறும் மண், நாலு தென்னை, ஒரு சப்போட்டா.

ஏழு வருடமாக மாடியில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டுவார். என் மகள் யாழினிக்கு எட்டு வயது. வீட்டுக்குள் நுனிக்காலில்தான் நடப்பாள்.

"ஏஞ்சாமி இப்படி நடக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊட்டுக்குள்ள இப்படித்தானேப்பா நடக்கோணும்?"

அன்றைக்கே முடிவு செய்தேன் — தரையோடு தரையாக ஒரு வீடு வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றில் எனக்குப் பங்கு இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருச்செங்கோட்டில் வண்டி ஏறி, இருபது வருடம் ஊர் ஊராக ஓட்டிச் சம்பாதித்த பங்கு. விற்றுவிட்டேன்.

இவ்வளவு பெரிய இடம் எனக்கு எப்படிக் கிடைத்தது? வேறு யாருக்கும் வேண்டாம் என்பதால்தான். அங்கே இருந்த பழைய கிணறு தென்மேற்கு மூலையில் இருந்தது. அதைக் கன்னி மூலை என்பார்கள். அங்கே பள்ளம் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அடுக்குமாடி கட்ட வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் மாமனாரும் அதையேதான் சொன்னார். எருமப்பட்டியில் விவசாயம் பார்ப்பவர். அவர் தலையாட்டினால்தான் என் மனைவி செல்வி சரி என்பாள்.

"மாப்ள, கன்னி மூலைல கெணறு இருக்கற ஊட்டை விரோதிகூட வாங்க மாட்டானுங்க."

"மூடிட்டா?" என்றாள் செல்வி.

"மூடுனா தண்ணிக்கு எங்க போறது?" என்றேன். "மாமா, நானும் இருவது வருசமா எல்லாரும் சொன்ன வடகெழக்கு ஈசானிய மூலைலதான் போர் போட்டேன். பாதி எடத்துல புழுதிதானுங்க வந்துச்சு."

"ஆமாங்க. எந்தோட்டத்துலயும் நீங்கதான போட்டீங்க" என்றார் அவர்.

அங்கேயும் புழுதிதான் வந்தது.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வீட்டை விற்கிற அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கிணற்றை முழுக்க இறைத்துவிடுவது. சாயங்காலத்துக்குள் பாதிக் கிணறு ஊறினால் வாங்குவது. ஊறாவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது.

ஞாயிறு காலை மோட்டாரைப் போட்டோம். பதினோரு மணிக்கு அடித்தரை தெரிந்தது. துருப்பிடித்த வாளி, ஒற்றை ரப்பர் செருப்பு, மூன்று கிரிக்கெட் பந்து.

"சாமானத்துக்குக் கொறைச்சல் இல்லீங்க மாப்ள."

மோட்டாரை நிறுத்தினேன். பத்து நிமிடம்... இருபது நிமிடம்... ஒன்றுமில்லை. வண்டியும் போய், வீடும் இல்லாமல் ஆகிவிடுமோ? செல்வி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

யாழினிதான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "அப்பா, செருப்பு நகருது."

பாறை இடுக்கிலிருந்து தண்ணீர்! முதலில் விரல் தடிமன். பிறகு கை தடிமன். கிணற்றுச் சுவரில் மொத்தம் பதினெட்டு கல்படிகள். அவள் எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு முழுகிருச்சு... அப்புச்சி, ரெண்டு..."

மூன்றாவது படிக்கு அவள் அப்புச்சி, என் மாமனார், எழுந்து வந்தார். ஆறாவது படிக்குச் சாப்பாட்டை மறந்தார். நாலு மணிக்குப் பத்தாவது படி முழுகியது. மாமனார் ஒரு வாளி சேந்தி, கையில் ஏந்திக் குடித்தார்.

"உப்பில்ல" என்றார். தென்னையடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாப்ள, எந்தோட்டத்துல எந்த மூலைலீங்க போர் போட்டீங்க?"

"நீங்க காட்டுன ஈசானியத்துலதானுங்க மாமா."

"ம்... அட்வான்ஸைக் குடுத்துருங்க."

வாய்ப்பேச்சில் அவரை நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை, பிள்ளைகளே. அன்றைக்கும் ஜெயிக்கவில்லை. கிணற்றைப் பேச விட்டேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் யாராவது நீங்கள் சொல்வதைக் கேட்கவில்லையா? குரலை உயர்த்தாதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால்... ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்னவோ!

வியாழக்கிழமை பத்திர ஆபீஸில், பத்திரம் எழுதுகிறவரிடம் மாமனார் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாப்ளைக்குக் கொஞ்சம் தயக்கமுங்க. நாந்தான் கெணத்தை எறைச்சுப் பாத்துப்போட்டு, தைரியமா வாங்குங்கன்னேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

வீடு எங்கள் பேருக்கு வந்துவிட்டது. பெருமையை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.