செவலைக்கு நான் ஊற்றிய கஷாயம்

தீவனத் தொட்டியில் தலையை வைத்ததும் செவலை இருமியது. அதுதான் ஆரம்பம்.

செவலை என் பெண்குதிரை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று தஞ்சாவூர் வட்டாரத்தில் என் அறுவடை இயந்திரம் இறங்காத வயல் குறைவு. எங்கள் ஊர்த் திருவிழாவில் செவலை முன்னே போனால்தான் சாமி பின்னே வரும்.

ஒரு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை. மூச்சு விடும்போது விலாவோரம் கோடு விழுந்தது. கால்நடை மருத்துவமனைக்கு ஏற்றிப் போனேன்.

பிராங்கோஸ்கோப்பி (மூக்கு வழியே கேமராக் குழாய் விட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பது) செய்து, நுரையீரலில் உப்புநீர் விட்டு உறிஞ்சிச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"மூக்குல கொஞ்சம் ரத்தம் வரலாங்க ஐயா. கழுவுனதுக்கு ரெண்டு நாள் காய்ச்சல்கூட அடிக்கலாம். மயக்க ஊசி தெளியுற வரைக்கும் சரியா முழுங்க வராது. நாலு மணி நேரம் தண்ணிகூடக் காட்டாதீங்க."

"மாட்டோடயே வளந்தவன்ம்மா நான். எனக்கா சொல்றீங்க?"

சோதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது செவலையின் தலை முழங்கால்வரை தொங்கியது. ஒரு நாசியில் ரத்தம் கசிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ மாடுகளைக் கஷாயத்தாலேயே எழுப்பி நிறுத்தியவன். சுக்கும் மிளகும் தட்டிக் கொதிக்கவைத்து, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை எடுத்தேன்.

"ஏங்க, ரெண்டு மணி நேரம்கூட ஆவலையே" என்றாள் என் மனைவி சரோஜா.

"தொண்டை புண்ணாக் கெடக்கு. நீ தலையத் தூக்கிப் புடி."

"ஊருக்கே வைத்தியர்! நான் புடிக்க மாட்டேன், போங்க."

கயிற்றால் தலையை உத்தரத்தில் தூக்கிக் கட்டி நானே ஊற்றினேன். பாதி மூக்கு வழியே திரும்பி வந்தது.

"சளி இளகுது, பாத்தியா?" என்றேன்.

மறுநாள் காய்ச்சல். டாக்டரம்மா போனில் கேட்டார்: "வாயில ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கழுவுனதுக்கு வர்ற காய்ச்சலாத்தான் இருக்கும். நாளைக்கும் விடலன்னா கொண்டாங்க."

சரோஜா பக்கத்தில்தான் நின்றாள். என் ஒரு சொல்லில் ஒரு நாள் போனது.

அடுத்த நாள் செவலையின் மூச்சு நாறியது. மருத்துவமனையில் நான் வாய் திறக்குமுன் சரோஜா சொல்லிவிட்டாள்: "கஷாயம் ஊத்துனாருங்க. ரெண்டு குழாய்."

டாக்டரம்மா திட்டவில்லை. "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆஸ்பிரேஷன் நிமோனியா (வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குள் போய்ச் சீழ்பிடிப்பது) என்றார். விலா இடுக்கில் ஊசி இறக்கினார்கள். கழனித்தண்ணீர் நிறத்தில் நீர் வடிந்தது.

படுத்தால் மூச்சு முட்டும் என்று ஆறு நாளும் நின்றே கிடந்தது. ஏழாம் நாள் படுத்தது; பிறகு எழவில்லை.

சோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. மழையில் நனைந்த வைக்கோலின் பூசணத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வந்த இருமலாம். தீவனத்தை மாற்றியிருந்தாலே பெரும்பாலும் அடங்கியிருக்குமாம்.

குதிரை வைத்திருப்பவர்களே, கேமராக் குழாயைப் பழிக்காதீர்கள். அதில் வரக்கூடிய கெடுதலை முன்கூட்டியே சொன்னார்கள். நான் அதற்குள் என் தவறை ஒளித்துவைத்தேன். கைத்தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கவனிக்கிறேன். இறங்கியது தெரியும்வரை அடுத்த மடக்கு இல்லை. ஒரு சொம்பு காலியாக வெகுநேரம் ஆகிறது. வாங்கிக்கொண்டு போக சரோஜா எதிரில் நிற்கிறாள். அவசரப்படுத்துவதில்லை.