மாலையைக் கழற்ற விடாதவன்

மணியத்தின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம். அவன் இல்லை. ஒன்பது வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது பொய்... நான் சொன்ன பொய்!

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

குனோங் ராபாட் மலையடியில் ஒரு கொட்டகையில் எங்களுக்கு வேலை. பறக்கும்போது விமானத்தின் முன்கண்ணாடி போய்விட்டால், அந்த வேகக் காற்றில் விமானியால் கண்ணைத் திறந்து எதையாவது படிக்க முடியுமா... அதைச் சோதிக்கும் இடம். ராட்சத விசிறிக்கு முன்னால் நாற்காலியில் மணியம் உட்காருவான். எதிர்ப் பலகையில் எரியும் எண்களைப் படித்துச் சொல்வான். காற்றில் பறக்கக்கூடிய எதுவும் அவன் உடம்பில் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

காற்று ஏற ஏற, அவன் கன்னம் ஆற்றுத் தண்ணீர்போல அலையடிக்கும். தடுப்புக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தால், நாற்காலியோடு அவன் எங்கோ மேகத்துக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். உடம்பே இல்லாத மாதிரி இருக்கிறது என்பான், இறங்கி வந்து. அந்த மயக்கம் எனக்கும் தொற்றியிருந்ததோ...?

அது தைப்பூச மாதம். காவடி விரதத்துக்காக அவன் கழுத்தில் உருத்திராட்ச மாலையைப் போட்டுவிட்டவனே நான்தான். காவடி இறக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. அன்று அவனாகவே மாலையில் கை வைத்தான்.

"கழட்டி வச்சிட்டு உக்கார்றேண்ணே. பாஸ் பாத்தா ஏசுவாரு."

"விரதத்துல கழட்டுவியா? சட்டைக்குள்ள விட்டுக்கலாம். முருகன் பாத்துக்குவாரு."

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்!

சட்டைப் பட்டன் தெறித்தது. மாலை மேலெழுந்து அவன் முகத்தின் முன் ஆடியது. எத்தனை அழகு, தெரியுமா... ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். விசிறியை நிறுத்துவதற்குள் நூல் அறுந்து, கொட்டை ஒன்று கண்ணில் அறைந்துவிட்டது.

விசாரித்தார்கள். எனக்குத் தெரியாமல் மாலையை ஒளித்து வைத்திருந்தான் என்று சொன்னேன். அவனுக்கு வேலை போயிற்று. என் பிள்ளைகள் அப்போது சின்னவர்கள்... அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்களே!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"அண்ணே, கழட்டுறேன்னு நான் சொன்னேன்ல?"

"இல்லையே மணியம். நீ ஒண்ணுமே சொல்லல."

கண் கட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அடிபட்டதுல எனக்குத்தான் கொழம்பிருச்சு போல," என்றான்.

நம்பிவிட்டான்... தன் நினைவைத் தள்ளிவிட்டு, என் வாயை நம்பினான்! கண்ணைக் காற்று எடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். அவன் நினைவை எடுத்தது யார்?

வெள்ளிக்கிழமைகளில் இன்னமும் கோவிலில் சந்திக்கிறோம். அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். தீபாராதனை நேரத்தில் உண்மை தொண்டைவரை வரும்... விழுங்கிவிடுவேன்.

இடப்பக்கம் நிற்பவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமாகவே நிற்கிறேன்.