எடை ஏறிய வீட்டுக்காரர்

போர்ட் பிளேரில் காசநோய் வார்டுக்கு ஊசிமருந்து வந்துவிட்ட காலம் அது. அந்த ஊசி யாரைக் காப்பாற்றும், யாரைக் கைவிடும் என்பதை எடை மிஷின்தான் சொல்லும் என்று வார்டு முழுக்க நம்பினோம். எடை ஏறினால் ஆள் பிழைத்தான். இறங்கினால் கப்பலேற்றி மெயின்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே மீன் பிடித்தவர். ஊசி போட்டும் எடை இறங்கியது. சாத்தம் துறைமுகத்துக்கு அடுத்து வரும் கப்பலில் இவருக்கு ஓர் இடம் என்றார் பெங்காலி டாக்டர். அதன் பிறகு எடை ஏறத் தொடங்கியது. "அச்சா, பஹுத் அச்சா" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினேன். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது எனக்குத் தெரியாமலா? தெரிந்தது. மிஷினை நம்பினேன், என் கண்ணை நம்பவில்லை.

கப்பல் போன மறுநாள் அவருடைய சாரத்தைத் துவைக்க எடுத்தேன். கனத்தது. இடுப்பு மடிப்பைப் பிரித்தால் ஈயக்குண்டுகள். வலை தண்ணீரில் தாழக் கட்டுவோமே, அவைதான். கூட்டாளியிடம் கேட்டு வாங்கித் தைத்து வைத்திருக்கிறார்.

"பாவி மனுஷா, என்ன காரியம் செஞ்சீரு!"

"அங்க போயிச் செத்தா எம் மூஞ்சியக்கூட பாக்க மாட்டியேடி. எட ஏறுதுன்ன பொறவுதான நீ ஒரு வாய் சோறு திங்குத."

அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அடிக்க அந்த உடம்பில் என்ன இருந்தது? ஈயத்தை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் அவரை மறுபடி மிஷினில் ஏற்றிப் பார்த்தார். "அக்லா ஜஹாஜ்" என்றார். அடுத்த கப்பல். காலில் விழுந்தேன். நடுக்கடலில் போகும் கப்பலை அவர்தான் எப்படித் திருப்புவார்?

அடுத்த கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது. அது வருமுன்பே அவரை அடக்கம் செய்துவிட்டோம். கல்லறைக்குப் போகும்போதெல்லாம் நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவேன். போய் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது.