எழுபது பக்க இழுவை

என் மனைவி ஹம்சவேணிக்கு ஒரு புத்தகம் பிடித்துப்போனால் குழம்பு தீய்ந்துவிடும். பிடிக்காவிட்டால் என் காது தீய்ந்துவிடும். விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, "இவரு எந்திரிக்கிறாரு சரி, இட்லி யாரு ஊத்துறாகளாம்?" என்றாள். தடியான ராஜா கதை ஒன்றுக்கு, "குதிரையில ஏறுனவன் பாதிப் புத்தகம் வரைக்கும் இறங்கவே இல்ல" என்றாள்.

வாசகர் வட்டத்திலும் இப்படியேதான் பேசுவாள். மாதம் ஒரு ஞாயிறு ஒத்தக்கடையிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறும்போதே எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு யார் மனம் புண்படப்போகிறதோ!

இந்த முறை பாண்டிமீனா என்ற புது எழுத்தாளரின் முதல் நாவல். அவரே வந்து எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்ட்ராவில் எதையும் பேசிவிடுவோம். யாருக்குப் புரியப்போகிறது என்ற திமிர்தான். ஹம்சா அந்த மொழியில் என்னிடம் சொன்னாள்: "முதல் பாதி அருமை. அப்புறம் கதையில வர்ற அந்தம்மா படுக்கையில விழுந்து எழுபது பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. போய்ச் சேரக்கூடாதா? நான் தூங்கியே போனேன்."

பாண்டிமீனாவின் தலை லேசாகத் திரும்பியது.

பிறகு தலைவர் அறிமுகம் செய்தார். எழுத்தாளரின் அம்மா அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, மதுரையில் ஒரு சௌராஷ்ட்ரா குடும்பத்தின் தறிக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவராம். மகள் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவராம். நாவலில் வருவது அந்த அம்மாவின் கதைதானாம். போன வருடம் இறந்துவிட்டாராம்.

ஹம்சா என் கையைப் பிடித்தாள். "புரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள், இந்த முறை வாயைத் திறக்காமல், கண்ணாலேயே. அந்தத் தெருவில் வளர்ந்தவருக்குப் புரியாமல் இருக்குமா? தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய் என்ன வார்த்தை சொல்லிவிட்டாள்! எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஹம்சாவைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்கை வாங்கினாள். "ரொம்ப நல்ல நாவல். முழுக்க நல்லா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு பொய்யை நான் கேட்டதில்லை.

பாண்டிமீனா எழுந்தார். எங்கள் மொழியில், எங்கள் வீட்டுப் பெண்ணைப் போலவே கேட்டார். "அக்கா, அங்க உக்காந்து ஒண்ணு சொன்னீங்களே, அதச் சொல்லுங்க. கேக்கத்தானே வந்தேன்."

கூட்டம் புரியாமல் விழித்தது. ஹம்சா தலையைக் குனிந்துகொண்டு அதே மொழியில் சொன்னாள். "அந்தப் பகுதி இழுவைதான் தாயி. ஆனா போய்ச் சேரச் சொன்னது தப்பு. உங்க அம்மான்னு தெரியாது. மன்னிச்சுக்க."

"இழுவைதான்க்கா. எனக்கே தெரியும்" என்றார் பாண்டிமீனா. "அவங்களச் சாகவிட மனசு வரல. எழுதிக்கிட்டே இருந்தா இருப்பாங்கல்ல?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஹம்சா அந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்தாள். எங்கள் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை. நான் தோளைத் தொட்டேன்.

"இப்பவும் இழுவையாத்தான் இருக்கு" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்."