பழிவாங்க ஒரு கேமரா

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அம்மா ஒரு படத்தில்கூட இல்லை. நான் கேமரா வாங்கியது அதனால்தான். கேட்பவர்களிடம் கலை ஆர்வம் என்று சொல்லிவைப்பேன். அது பொய்.

கல்யாணம் விருதுநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பா இல்லாத வீடு. தையல் மெஷினை மிதித்தே எங்கள் இருவரையும் வளர்த்த அம்மா, அன்று பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். கேமராக்காரர் கையை ஆட்டினார். “அம்மா, நீங்க கொஞ்சம் அங்கன போய் நில்லுங்க. ஃப்ரேம் கெடுது.” அம்மா இறங்கிப் போய்ப் பந்தி நடக்கும் கூடத்தின் கதவருகே நின்றுகொண்டாள். அப்புறம் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவே இல்லை.

ஆல்பம் வந்தது. யாரென்றே தெரியாத ஒரு ஆள் பக்கத்துக்குப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தான். தாலி கட்டும் நேர வீடியோவில், ஓரத்தில் ஒரு நொடி பச்சைச் சேலையின் நுனி தெரிந்து மறைந்தது. அம்மா ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தாள். நான் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தக் கேமராக்காரர் சொன்னார். “நல்ல காரியம் பாத்துக்கோ. தாலி ஏறுற நேரத்துல புருஷன் இல்லாதவுகள எப்படிப் பக்கத்துல நிறுத்துறது?”

“பொண்ணப் பெத்தவங்கண்ணே அவங்க.”

“இம்புட்டு ரோசம் இருந்தா நீயே ஒரு கேமரா வாங்கி எடுத்திருக்கலாம்ல?”

அங்கே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. எந்தக் கேமரா வாங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் படங்களைச் செய்வது என் வேலை. நிறமும் வெளிச்சமும் தெரியும், கேமரா தெரியாது. மாதக்கணக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் கேமரா பற்றிய வீடியோக்களே பார்த்தேன். வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா தடுப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“அவன் வச்சிருக்கதவிடச் சின்னதாவா வாங்கப்போற?”

“சின்னதுதாம்மா. நம்ம கைக்கு அதுதான் எட்டும்.”

“சின்னதா இருந்தாலும் நல்லதா பாத்து வாங்கு. நானும் வாரேன்.”

மதுரைக் கடையில் விற்பனைக்காரர் முதலில் மிரர்லெஸ் என்ற புது ரகத்தைக் காட்டினார். இப்போது எல்லோரும் அதுதான் வாங்குகிறார்கள் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, விலை குறைந்த பழைய ரகமான டி.எஸ்.எல்.ஆர். பக்கம் நகர்ந்தேன். ஒரு கேமரா, இரண்டு ஜூம் லென்ஸ், பை, எல்லாம் சேர்த்துச் சலுகையில் தருவதாகச் சொன்னார். தூரத்துப் பறவையைக்கூடப் பக்கத்தில் இழுக்கலாமாம். எனக்குப் பறவை வேண்டாம். மங்கலான மண்டபத்தில், கதவோரம் நிற்கும் ஒரு பெண்ணின் முகம் தெளிவாக விழ வேண்டும்.

அம்மாவைக் கடையின் கடைசியில், ட்ரைபாட் பெட்டிகள் அடுக்கியிருந்த இருட்டு மூலையில் போய் நிற்கச் சொன்னேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். முதல் கேமராவில் கூடவே வரும் லென்ஸில் முகம் மணல் தூவியதுபோல் வந்தது. இன்னொன்றில் முகம் மஞ்சளித்தது. அதே கேமராக்களில் ஜூம் இல்லாத, ஆனால் வெளிச்சத்தை அதிகம் வாங்கும் சின்ன ஐம்பது எம்.எம். லென்ஸை மாட்டிப் பார்த்தேன். இரண்டாவதில், அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது. கண்ணில் இருந்த கோபமும் தெரிந்தது. வீடியோவுக்குத் திரை திரும்ப வேண்டும், தனி மைக் சொருக இடம் வேண்டும். இரண்டும் அதில் இருந்தன. பழைய மாடல்தான். இரண்டாவது ஜூமுக்குப் பதிலாக அந்தச் சின்ன லென்ஸையும், ஒரு மைக்கையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அடுத்த தீபாவளி சீசனுக்கு முன், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி புது ரகங்களை வீடியோ எடுக்க ஏற்பாடு செய்தது. வியாபாரிகளுக்குப் போனில் அனுப்ப. அவர்களுடைய பெட்டிகள் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகும். வருஷாவருஷம் அந்த ஆர்டர் அதே ஸ்டுடியோக்காரருக்குத்தான். நான் கம்பெனி முதலாளியிடம் போய், “அண்ணாச்சி, நானும் எடுக்கேன். பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுருங்க” என்றேன். அவர் சரி என்றார்.

கம்பெனிக்கு வெளியே, ஷெட்டுகளை விட்டுத் தள்ளியிருந்த பொட்டலில் வெடித்துக் காட்டினார்கள். ஸ்டுடியோக்காரர் பெரிய கேமராவோடு வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். “பிறந்தநாள் படம் எடுக்கவா வந்தீக?” என்றார். நன்றாக இருட்டியபின் எடுத்தால் போதும் என்று காருக்குள் போய் உட்கார்ந்தார். நான் பொழுது சாயும்போதே, வானத்தில் நீலம் மிச்சமிருக்கையில் சில ரகங்களை வெடிக்கச் சொல்லி எடுத்துவிட்டேன். பூ விரிவதும் புகை கலைவதும் தெரிந்தன. மைக்கின் அளவைக் குறைத்து வைத்ததால் சடசடப்பு தனித்தனியாகக் கேட்டது. அவர் எடுத்ததில் கறுப்பு வானமும் வெள்ளைப் பொட்டும், காது கிழியும் இரைச்சலும் இருந்தன. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, என்னுடையதை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஆர்டர் எனக்கு வந்தது. பிறகு இன்னொரு கம்பெனி, அதன்பின் மற்றொன்று. ஒவ்வொன்றும் முன்பு யாரிடம் இருந்தது என்று விசாரித்து, ஸ்டுடியோக்காரரிடம் என்றால் இன்னும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வேலை அதிகமாக இருந்தால் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும்படி கேட்டார். அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

“என்னையத் தெரியுதா?” என்றாள்.

அவர் பார்த்தார். உண்மையிலேயே தெரியவில்லை.

நான்தான் சொன்னேன். மண்டபம், பச்சைப் பட்டு, கதவோரம், ஸ்டுடியோவில் சிரித்த இரண்டு பேர், ஒவ்வொன்றாக. டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அது நானாச் செய்யல. மாப்பிள்ளையோட அம்மாதான் முன்னாடியே சொன்னாக, பொண்ணோட அம்மா எந்தப் படத்துலயும் வந்துரக் கூடாதுன்னு.”

“அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப அதைச் சொல்லலியே?”

அவர் வாசலைப் பார்த்தார். “உங்களுக்குக் கொடுக்க வேலை இல்ல” என்றேன். எழுந்து போனார். இரக்கம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். “எனக்கு அப்புறந்தான் தெரியும். உன்கிட்டச் சொன்னா சண்டை வரும்னு விட்டுட்டேன்” என்றாள்.

அந்தச் சம்பந்தியம்மாவின் வீட்டில் அவள் கணவருக்கு மணிவிழா வந்தது. அவளே போனில் பேசினாள். “ஊரெல்லாம் உன் படத்தத்தான் சொல்லுதாக. நீதான் வந்து எடுக்கணும். வீட்டு ஆளு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?”

“எங்கம்மாவும் வருவாங்கத்தை. மேடையில நடுவுல நிப்பாங்க. அந்தப் படந்தான் ஆல்பத்துல முதல் பக்கம். சம்மதமா?”

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மறுநாள் சம்மதம் என்று தகவல் வந்தது.

நான் ஜெயித்ததாக நினைத்து அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை.

“அவ சம்மதிச்சு நான் நிக்கணுமாக்கும்? நான் வரல. நீயும் போகக் கூடாது. வேற ஆளத் தேடட்டும்.”

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் வரைக்கும் சம்பந்தியம்மாவிடம் வருகிறேன் என்றே சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகுதான் வர முடியாது என்றேன். முகூர்த்த நாள், நல்ல கேமராக்காரர்கள் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் போனில் எடுத்தானாம்.

அன்றைக்கு நானும் அம்மாவும் விருதுநகரில்தான் இருந்தோம், மணிவிழா நடந்த மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பரோட்டாக் கடையில். நாதஸ்வரம் கேட்டது. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் நன்றாக ஊறவைத்து, அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.