அவள் நினைப்பதைச் சொல்லக் கூடாது

இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்துக்கு மேலே இருந்த சின்ன நாடக அரங்கில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹில்டா ஃபார்ன்டேலுக்கு அங்கே ஒரு தனி வேலை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மேடையில் நடப்பதைப் ஹெட்ஃபோன் வழியாகப் பார்வையற்றவர்களின் காதுக்குள் சொல்வாள். "அவள் ஜன்னலைத் திறக்கிறாள். அவன் தொப்பியைக் கழற்றுகிறான்." எல்லாம் படர்க்கை. கண்ணில் படுவதைத்தான் சொல்லலாம். 'அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்' சரி; 'அவன் வருந்துகிறான்' தப்பு. யார் மனசுக்குள்ளும் நுழையக் கூடாதென்று பயிற்சியில் விதி.

ஆங்கிலத்தில் அவன், அவள் என்றால் வினைச்சொல்லின் வாலில் ஓர் 'எஸ்' ஒட்டும். 'நான்' என்றால் ஒட்டாது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்த எஸ் ஹில்டாவின் நாக்கிலேயே தங்கிவிட்டது. வீட்டில் தனியாகத் தேநீர் போடும்போதும், "அவள் கெண்டியை அடுப்பில் வைக்கிறாள்" என்று முணுமுணுப்பாளாம். தூரத்தில் யாரையோ பார்ப்பதுபோல் தன்னைப் பார்ப்பது சுகமாக இருந்தது என்றாள்.

ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல் பிற்பகல் காட்சிகளுக்குத் தவறாமல் வருவார். பேக்கரிக்காரர்; அறுபது வயதுக்குமேல் பார்வை போன பிறகும் மாவு பிசைவதை விடவில்லை. கடல்மூட்டம் இறங்கிய ஒரு நாள் ஹில்டா அவரைப் பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப்போனாள். அங்கே நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள்.

"என்னங்க தெரியுது?" என்று அவர் கேட்டார்.

"பாலம் பாதியில கரைஞ்சுபோச்சு. கம்பத்து மேல ஒரு கடற்காக்கா ஒத்தைக் கால்ல நிக்குது. ஒரு பொம்பளை, பெரியவர் ஒருத்தர் கையைப் பிடிச்சிருக்கா."

"யாரு அவ?"

"நான்தான்."

"அப்போ பெரியவர்ங்கிறது என்னையா! ஆளு பார்க்க எப்படி?"

"காதுல மாவு ஒட்டியிருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே காதைத் தடவினார். "சரி, அவ என்ன நினைக்கிறா?"

"அதைச் சொல்லக் கூடாது. விதி."

"விதி போட்டவன் இங்க பஸ்ஸுக்கா காத்துக்கிட்டு நிக்கறான்?"

மூட்டத்துக்குள் மஞ்சளாய் இரண்டு விளக்குகள் மிதந்து வந்தன. ஹில்டா மெல்லச் சொன்னாள்: "பஸ் வராம இருந்தா தேவலைன்னு அவ நினைக்கிறா."

பஸ் வந்து நின்றது. "ஏறலையா கண்ணு?" என்றார் ஓட்டுநர்.

"பெரியவரு அடுத்த பஸ்ல வர்றாராம்," என்றார் ஆம்ப்ரோஸ்.

அடுத்த வசந்தத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய பேக்கரியின் மாடியில் குடியேறினார்கள். அரங்கில் ஹில்டா விதியை மீறியதே இல்லை. வீட்டு ஜன்னலில் நின்றால் மட்டும் கடலில் போகிறவர்கள் எல்லாருடைய மனசுக்குள்ளும் இறங்கிவிடுவாள். ஒருமுறை நான் ரொட்டி வாங்கப் போய், மாடிக்கும் ஏறினேன். கரையேறிய ஒரு மீனவனின் துயரத்தை அவள் நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு அம்புட்டு சோகமா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பல்வலியாகூட இருக்கலாம்," என்றாள் ஹில்டா. "மேல சொல்லவா, வேண்டாமா?"

"சொல்லு, சொல்லு," என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.