மடுகரையில் ஐந்து தேன்பெட்டிகள்

மார்ச் 25, மாலை 5.20. காற்றில்லை, புழுக்கம். மடுகரையில் கரும்புக் கொல்லை ஓரம், தேனீ வளர்த்து விற்கும் செல்வியின் ஒன்பது தேன்பெட்டிகள் முன்னால் நிற்கிறேன். பதினாறு நாள் முன்பு, என் வீட்டில் தேனீக்கள் செத்துப்போன பெட்டியை, புதுக் கூட்டம் வாங்கிப் போவதற்காகத் தேனடைகளோடு தூக்கிவந்து இங்கே திறந்து வைத்தவன் நான். செல்வி பார்ப்பதற்குள் அவருடைய தேனீக்கள் அதிலிருந்த தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டன.

இன்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டுகிறார். ஐந்தில், புழுக்கள் நீர்கோத்த பைகளாகச் செத்துக் கிடக்கின்றன.

“படிச்சவருதானே சார் நீங்க. சீக்குப் பொட்டித் தேன இன்னாத்துக்கு எட்தாந்தீங்க?”

“தேன்லயும் சீக்கு ஒட்டும்னு தெரியலம்மா. மருந்து ஏதாவது?”

“இதுக்கு மருந்து இல்ல. கொளுத்தணும். எல்லாம் வூடு திரும்பட்டும். வெளிய ஒண்ணு நின்னாலும் நல்ல பொட்டிக்குள்ள பூந்துடும்.”

காத்திருக்கிறோம். ஐந்து வாசல்களிலும் இருநூற்றுப் பதினொரு தேனீக்கள் நுழைவதை எண்ணுகிறேன். கடைசியாக வருவதன் கால்களில் மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருக்கிறது. வாசல்களைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, செல்வி தீப்பெட்டியை என்னிடம் நீட்டுகிறார்.

“நீங்களே வைங்க சார். எனக்குக் கை வரல.”

வைக்கிறேன். பெட்டிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம், நான் செல்விக்கு ஈடாகக் கொடுத்தது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.